குடோனில் அடுக்கி வைத்த தட்டுப்பாடு

‘ஸ்டாக் இல்லை’ என்று எந்தக் கடைக்காரனாவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அரிசியோ, மாத்திரையோ, எதுவாக இருந்தாலும் சரி. போன மாதம் என் தங்கை மகன், வேலைக்குப் போகிற தடிமாடு, புதிதாக வந்த ஏதோ ஒரு கேமுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வந்தான். கையில் வைத்து ஆடுகிற கேமாம். “எங்கயும் இல்ல பெரிம்மா, கம்பெனியாலேயே செஞ்சு குடுக்க முடியலையாம்” என்று சோபாவில் விழுந்தான். செய்து கொடுக்க முடியவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் முகத்துக்கு நேரே சிரித்துவிட்டேன். எந்த குடோனில் பூட்டி வைத்திருக்கிறான் என்று போய்ப் பாருடா என்றேன். பெரியம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

அந்த மாதிரி கேமைச் செய்தவள் நான். தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு நீளக் கூடம், பின்னால் குடோன், முன்னால் ஏ.சி. வைத்த ஓர் அறை. அறைக்குள் முதலாளி, அறைக்கு வெளியே மேனேஜர், கூடத்தில் மேசை மேசையாக நாங்கள். எல்லாரும் பெண்கள், எல்லாரும் டெம்பரரி. முதலில் கால்குலேட்டரும் பாக்கெட் ரேடியோவும் செய்துகொண்டிருந்தோம். ஒரு தடவை முதலாளி வெளிநாடு போய்விட்டு வந்து, இனிமேல் வீடியோ கேம்தான், தீபாவளிக்கு ஊரே இதைத்தான் கேட்கப்போகிறது என்றார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பொருள். மேலிருந்து கட்டங்கள் விழும். சந்து விடாமல் அடுக்கினால் வரிசை நிரம்பி மறையும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் கையில் எடுத்தவர்கள் கீழே வைக்க மாட்டார்கள்.

பாகமெல்லாம் கப்பலில் வரும். போர்டில் பேட்டரி ஸ்பிரிங்கையும் ஸ்பீக்கர் ஒயரையும் சால்டரிங் வைத்துப் பற்றவைப்போம். டிஸ்பிளே கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய ரப்பர் பட்டை உட்கார வேண்டும். அது மயிரிழை பிசகினால் கட்டம் பாதிதான் தெரியும். அப்புறம் ஸ்குரூ முடுக்கி, பேட்டரி போட்டு, ஒரு வரிசை மறைகிற வரைக்கும் ஆடிப் பார்க்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு கேம் ஆடினோம் என்றால் யார் நம்புவார்கள்? எங்கள் தெருவில் என்னைப் பார்த்தாலே, “இன்னாமே, இன்னிக்கு எவ்ளோ வெளையாடின?” என்று கிண்டல்தான்.

யார் சோதித்தது என்று தெரிய ஆளுக்கு ஒரு நிறத்தில் வட்ட ஸ்டிக்கர் கொடுத்திருந்தார்கள். அது தீர்ந்ததும் வாங்கித் தரவில்லை. அந்தக் கஞ்சத்தனத்துக்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். எங்கள் ஸ்டிக்கர் பொட்டையே பேட்டரி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுவோம். என்னுடையது கடுகளவு கறுப்புப் பொட்டு. பக்கத்து மேசை அக்காவுக்கு சிவப்பில் நீளப் பொட்டு. பொருள் ரிப்பேராகித் திரும்பி வந்தால் மூடியைத் திறந்தவுடனே ஆள் தெரிந்துவிடும். என் பொட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வேப்பம்பட்டில் ரயில் ஏறுவாள். நான் திருமுல்லைவாயிலில் ஏறுகிறபோது லேடீஸ் பெட்டியில் கால் நீட்டி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். யாராவது கேட்டால், “ஆள் வராங்கோ” என்பாள். ஆள் என்றால் நான்தான். இரண்டு பேரும் பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்போம். அவள் வீட்டுக்காரர் வேலை செய்த மில்லை மூடிவிட்டார்கள். அவர் கிடைத்த கூலிக்குப் போவார், கிடைக்காத நாளில் வீட்டில் இருப்பார். மாதாமாதம் கைக்கு வருகிறது என்றால் அது அக்காவின் சம்பளம் மட்டும்தான். கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. அந்த வருஷம் ஆனி மாதம், அம்பத்தூர் தாண்டி வண்டி நின்றுகொண்டிருந்தபோது, என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் உடனே, யாருக்கும் மூச்சு விடாதே என்றாள்.

ஏன் மூச்சு விடக் கூடாது என்று எங்கள் கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டெம்பரரி பெண்ணுக்கு வயிறு தெரிந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். பர்மனென்ட் ஆகிவிட்டால் அனுப்ப முடியாது. சம்பளத்தோடு பிரசவ லீவு, ஆஸ்பத்திரி, திரும்பி வந்தால் அதே மேசை. பர்மனென்ட் ஆக வேண்டுமென்றால் வருஷத்தில் இத்தனை நாள் விடாமல் வேலை செய்திருக்க வேண்டும். நடுவில் ஒரு இடைவெளி விழுந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அந்த வருஷம் எங்கள் எல்லாருக்கும் ஐப்பசி பிறந்தால் கணக்கு நிரம்பும். நிரம்பினால் எல்லாரையும் பர்மனென்ட் பண்ணிவிடுகிறேன் என்று முதலாளியே கூடத்துக்கு வந்து சொல்லியிருந்தார். அக்காவுக்கு ஐந்தாம் மாதம் முடிவதற்குள் ஐப்பசி வந்துவிடும். எங்களுக்குத் தொளதொளவென்று நீலக் கோட்டு உண்டு. அதை மாட்டிக்கொண்டால் ஒன்றும் தெரியாது. “கோட்டு காப்பாத்திடும்டி” என்று சிரிப்பாள்.

ஆடியும் ஆவணியும் பேய் மாதிரி வேலை செய்தோம். டீ நேரத்தைக்கூடக் குறைத்தார்கள். செய்து முடித்ததெல்லாம் அட்டைப் பெட்டிகளில் பின்பக்கம் போகும். அங்கிருந்து லாரியில் கடைகளுக்குப் போகிறது என்றார்கள். கேம் வெளியே வந்ததும் எங்கள் தெருவில் என் மவுசே மாறிவிட்டது. கிண்டல் செய்தவர்கள் எல்லாம் என் வீட்டு வாசலில் நின்றார்கள். ஆவடி மார்க்கெட்டில் இல்லை, பூந்தமல்லியில் இல்லை, பாரிஸ் கார்னர் போனாலும் இல்லையாம், நீதான் ஒன்று எடுத்துக்கொண்டு வரக்கூடாதா என்பார்கள். ஆவடியில் ஒரு கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, அச்சடித்த விலைக்கு மேல் பாதி சேர்த்துக் கேட்டார். அதற்கும் ஆள் நின்றது. இவ்வளவு செய்தோமே, அத்தனையும் விற்றுவிட்டதா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

புரட்டாசி பிறந்ததும் ஒரு நாள் சாயங்காலம் மேனேஜர் எங்களை நிற்க வைத்தார். டிஸ்பிளே கண்ணாடி தட்டுப்பாடு, உலகம் பூராவுமே இல்லை, கப்பல் எங்கேயோ நிற்கிறது, கண்ணாடி வந்ததும் சொல்லி அனுப்புகிறோம், அதுவரைக்கும் வீட்டில் இருங்கள் என்றார். அப்படியானால் பர்மனென்ட் என்னாகும் என்று நான் கேட்டேன். பொருளே இல்லாமல் நான் என்னம்மா செய்ய முடியும் என்று கையை விரித்தார். அவர் முகம் அவ்வளவு வருத்தமாக இருந்தது. நாங்களும் பாவம் என்று நினைத்தோம். இப்படி ஒருத்தன் காதில் பூ சுற்ற, சரம் சரமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அக்காவும் நானும் ரயிலில் திரும்பினோம். திருமுல்லைவாயிலில் நான் இறங்கும்போது, “கண்ணாடி ஒரு வாரத்துல வந்துடும் இல்ல?” என்று கேட்டாள். வந்துவிடும் என்றேன். எனக்கென்ன தெரியும்? அந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஜனங்கள் நோய் நொடிக்கு மன்றாடிக்கொண்டிருக்க, நான் கப்பலுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட்டில் அந்த ஒரு நாள் யார் வேண்டுமானாலும் கம்பெனிக்குள் போகலாம். வேலை இல்லாமல் நிற்கிறவர்கள்கூடப் பிள்ளைகுட்டியோடு வந்து பொரியும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் வேதக்காரி. பூஜைப் பொரியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் என் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனால் கம்பெனிப் பொரிக்கு மட்டும் அவள் ஒன்றும் சொன்னதில்லை. அது சம்பளத்தில் சேர்ந்தது என்று அவள் கணக்கு. அக்காவும் வந்திருந்தாள், முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு. கண்ணாடி எப்போது வரும் என்று யாரையாவது கேட்கலாம் என்றுதான் இரண்டு பேரும் போனோம்.

எங்கள் முதலாளிக்குப் பக்தி அதிகம். முந்தின வருஷம் ஐயர் கம்ப்ரெஸர் ரூமை விட்டுவிட்டார், அடுத்த வாரமே கம்ப்ரெஸர் எரிந்துபோனது. அதிலிருந்து அவருக்குப் பயம். அன்றைக்கு ஐயர் கற்பூரத்தட்டோடு கிளம்பியதும், “ஒரு ரூமைக்கூட விடக் கூடாது, எல்லாக் கதவையும் திறந்து காட்டிடுங்க” என்று சொல்லிவிட்டு, ஏ.சி. அறை வாசலில் வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றுவிட்டார். முன்னால் ஐயர், அவருக்குப் பின்னால் சாவிக்கொத்தோடு வாட்ச்மேன், அவருக்குப் பின்னால் நாங்கள், குழந்தைகள், எல்லாரும். டெஸ்டிங் மேசை, சால்டரிங் ராடு, கம்ப்ரெஸர், டாய்லெட் பக்கத்து மோட்டார், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் ஆனது. கடைசியில் குடோன் கதவு. மேனேஜர் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். வாட்ச்மேன் முதலாளி சொன்னதைச் செய்தார். கதவு திறந்தது.

தரையிலிருந்து கூரை வரைக்கும் எங்கள் அட்டைப் பெட்டிகள். நடுவில் ஐயர் நிற்கிற அளவுக்குத்தான் இடம். கற்பூர வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது, ஆடியும் ஆவணியும் நாங்கள் இடுப்பொடியச் செய்த அத்தனையும். இந்தப் பக்கச் சுவரோரம் வேறு பெட்டிகள், மேலே கண்ணாடி டம்ளர் படம் போட்டவை. டிஸ்பிளே வருகிற பெட்டி. சீல்கூடப் பிரிக்கவில்லை.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக. கண்ணாடி வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் பெட்டிகளின் மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தேன். கைக்கு எட்டிய ஒரு பெட்டி வாய் திறந்திருந்தது. ஒரு கேமை எடுத்து, திருப்பி, பேட்டரி மூடியைத் திறந்தேன். உள்ளே என் கறுப்புப் பொட்டு. இன்னொன்றை எடுத்தேன். அதில் அக்காவின் சிவப்புப் பொட்டு. அதை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். இது என்ன சார் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: “இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. கடையில பத்து இருந்தா ரெண்டு பேர் கேப்பான். ரெண்டு இருந்தா பத்துப் பேர் அடிச்சிப்பான். தீபாவளிக்கு முந்தின வாரம்தான் வெளிய விடணும். இதுதான் தொழில்.”

“அது உங்க தொழில் சார். கண்ணாடி இல்லன்னு எங்கள எதுக்கு ஊட்டுக்கு அனுப்புனீங்க?”

செய்து எங்கே வைப்பது, இடம் இருக்கிறதா பார் என்றார். இடம் இல்லைதான். ஆனால் அதற்கு வேறு பேர் இருக்கிறதே. இடம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தால், வேலை கொடுக்காதது அவர்கள் குற்றம். கண்ணாடி இல்லை என்று சொன்னால், அது கப்பல் மேல் போய்விடும். ஒரே பொய்யில் கடையில் விலையும் ஏறியது, எங்கள் நாள் கணக்கும் அறுந்தது. எங்கள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு, அதே இடத்தில் சந்தனமும் வைத்தார்கள். நான் கத்திவிட்டேன். பூஜை நாள், குழந்தைகள் நிற்கிறார்கள், எதையும் பார்க்கவில்லை. ஐயர் தட்டோடு ஒதுங்கிக்கொண்டார். முதலாளி ஏ.சி. அறை வாசலை விட்டு நகரவே இல்லை. அந்தம்மாவுக்குப் பொரி கொடுத்து அனுப்புங்கள் என்று யாரிடமோ சொன்னார். அக்காதான் என் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். “கத்தாதடி, கூப்டுவாங்கோ, கத்தினா கூப்ட மாட்டாங்கோ” என்றாள். அவள் பயம் அவளுக்கு.

கூப்பிட்டார்கள். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவிந்துவிட்டது. குடோனில் இருந்தது போதாது, கண்ணாடிப் பெட்டிகளைப் பிரிக்க வேண்டும், ராப்பகலாகச் செய்ய வேண்டும், ஆள் வேண்டும். வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார்கள். காலையில் எல்லாரும் கேட்டில் நின்றோம். மேனேஜர் வெளியே வந்து, எல்லாரும் இன்றிலிருந்து புது ஆள், ஒவ்வொருத்தராக உள்ளே வாங்க என்றார். பழைய நாளெல்லாம் என்னாச்சு என்று ஒருத்தி கேட்டதற்கு, அதான் நடுவில் நின்றுவிட்டீர்களே என்றார். நின்றுவிட்டோமாம். நாங்களாக நின்றுவிட்டோமாம்.

நீலக் கோட்டு உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டில் எல்லாரும் புடவையில்தான் நின்றோம். வீட்டில் உட்கார வைத்த அந்த வாரங்களில் அக்காவுக்கு வயிறு நன்றாக முன்னால் வந்துவிட்டது. மேனேஜர் ஒவ்வொருத்தியாகப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டே வந்தவர், அக்காவின் முறை வந்ததும் கையைக் குறுக்கே நீட்டினார். நீ வேண்டாம்மா, வீட்டில் போய் ரெஸ்ட் எடு, குழந்தை பிறந்ததும் வா, பார்க்கலாம் என்றார். அதே வருத்தமான முகம்.

அதுவரைக்கும் அக்கா அந்தக் கம்பெனியில் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. அப்போதும் உயர்த்தவில்லை. தலை நிமிர்ந்து அவரைப் பார்த்து, “இன்னா சார் பண்றது, இத குடோன்ல வெச்சிப் பூட்ட முடியலியே” என்றாள்.

சிலர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தேன். அக்காவை எடுத்தால்தான் உள்ளே வருவேன், பழைய நாளையும் சேர்க்க வேண்டும் என்றேன். ஒவ்வொருத்தியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளே போயிருந்த இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். நெஞ்சுக்குள் ஒரு திமிர் ஏறியது எனக்கு. குடோன் நிறையக் கண்ணாடி இருக்கிறது, தீபாவளி தலைக்கு மேல் நிற்கிறது, கை மட்டும் இல்லை. இப்போது வாடா ராசா, இதுதான் நிஜமான தட்டுப்பாடு என்று நினைத்தேன். மேனேஜர் உள்ளே போய்விட்டார். பேசி முடிவெடுக்கப் போயிருக்கிறார் என்று நம்பினோம். வெயில் ஏறியது. யாரோ டப்பாவைத் திறந்து அக்காவுக்குப் புளிச்சோறு ஊட்டினார்கள்.

போன் பண்ணத்தான் போயிருக்கிறார். மத்தியானம் ஒரு வேன் வந்து நின்றது. பூந்தமல்லிப் பக்கத்துப் பெண்கள், பத்தாவது பெயிலோ பாஸோ, எல்லாம் சின்னச் சின்ன முகம், தலை நிறையக் கனகாம்பரம். முதல் நாள் வேலைக்கு நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். எங்களைத் தாண்டி வரிசையாக உள்ளே போனார்கள். தெரிந்து வந்தவர்கள் இல்லை, நாங்கள் எதற்காக மண்ணில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த எஸ்டேட்டில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் எங்களை மாதிரிக் கைகளுக்கு மட்டும் வந்ததே இல்லை.

கடைசியாக இறங்கிய பெண் அக்காவின் பக்கத்தில் நின்றாள். “எக்கா, இங்க அடுத்த ஐப்பசிக்கு பர்மனென்ட் பண்ணுவாங்களாமே, நெஜமாவா?” என்று கேட்டாள்.

என் வாயில் வந்ததை அச்சில் எழுத முடியாது. எழுந்து அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பெண்ணிடம், கண்ணாடியைப் பிடிக்கும்போது ஓரத்தில் பிடி, ரேகை பட்டால் திட்டுவார்கள் என்று மட்டும் சொன்னாள். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். ஏன் சொல்ல விடவில்லை என்று நான் அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

“அது ஊட்லயும் அடுப்பு எரியணும்ல, வுடு” என்றாள்.